தேர்வறையில் ஏறி இறங்கிய சிக்னல்

நான் ரிட்டயர் ஆகிறேன். சிரிக்காதீர்கள். தலை நரைத்தவன்தான் ரிட்டயர் ஆக வேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து மாமனாரின் இறால் குஞ்சுப் பண்ணையில் உட்காரப்போகிறேன். இறால் குஞ்சுகளுக்கு வைஃபை வேண்டாம். அதுவே பெரிய நிம்மதி.

போகிறவன் சும்மா போகாமல், புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களுக்கு நாலு வார்த்தை எழுதிவைத்துவிட்டுப் போ என்று சீஃப் சொல்லிவிட்டார். சீஃப் யார் என்பது உங்களுக்குத் தெரியும். பெயரைப் போட்டால் என்னைப் பண்ணை வரைக்கும் துரத்திக்கொண்டு வந்து திட்டுவார். அதனால் கடைசி வரைக்கும் சீஃப்தான்.

நம் வேலையை வீட்டில் எப்படிச் சொல்வீர்கள் என்று தெரியவில்லை. ஆன்லைன் தேர்வு நடக்கிற கல்லூரிக்குக் காலையிலேயே போக வேண்டும். தேர்வுக் கம்ப்யூட்டர்கள் இருக்கும் அறையைச் சுற்றி, அனுமதி இல்லாத வைஃபை பெட்டி ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேட வேண்டும். அப்படி ஒன்று இருந்தால் வெளியே ஒருவன் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு உள்ளே இருக்கிற கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிடலாம். என் அம்மா இதை எனக்குப் பெண் பார்க்கும்போது, "காத்துல திருடன் தேடுற வேலை" என்று சொல்லி வைத்தார். அப்படியும் பெண் கிடைத்தது.

உங்களில் பாதிப் பேர் இன்ஜினியர்கள். நான் டிப்ளமோ இரண்டாம் வருடத்தோடு நின்றவன். நான் காலேஜை விட்டேனா, காலேஜ் என்னை விட்டதா என்பதில் இரண்டு தரப்பும் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆகவே சேனல், டெசிபல் என்று உங்களுக்குப் பாடம் எடுக்கிற தைரியம் எனக்கு இல்லை. அதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனால் கையில் இருக்கிற கருவி ஒன்றைக் காட்டுகிறது, காதில் இருக்கிற போன் 'பேரைச் சொல்லு' என்கிறது, எதிரே ஒரு மனுஷி நிற்கிறாள். அந்த நேரத்தில் என்ன செய்வது என்பதற்கு எந்த செமஸ்டரிலும் பேப்பர் கிடையாது. அதைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் பொம்மையார்பாளையத்தில் நடந்த ஒரு சின்ன விஷயம். அங்கே ஒரு பயிற்சி மையத்தில் தேடிக்கொண்டிருந்தபோது ஒரு சிக்னல் திடீரென்று ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. சீஃப் ஜன்னல் வழியாகப் பார்த்தார். சட்டையை இன் பண்ணிய ஒருத்தன் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நடந்துகொண்டிருந்தான். பாக்கெட்டில் சின்ன பெட்டி. பிடித்தோம். சீஃப் அன்றைக்கு எனக்குச் சொன்னது, "டேய், பெட்டிக்குக் கால் கிடையாது. சிக்னல் ஏறி இறங்குதுன்னா ஒரு மனுஷன் அதைத் தூக்கிட்டு நடக்கறான்னு அர்த்தம்." நல்ல வாக்கியம். நானும் மனப்பாடம் செய்துகொண்டேன். இந்த நல்ல வாக்கியம்தான் கொஞ்ச நாள் கழித்து மரக்காணத்தில் ஒரு மனுஷியைப் போலீஸ் ஜீப்பில் ஏற்றப் பார்த்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. மரக்காணம் தாண்டி, ஈசிஆரை விட்டு இறங்கி உள்ளே போனால் ஒரு பாலிடெக்னிக். ஒரு பக்கம் சவுக்குத் தோப்பு, மற்ற பக்கமெல்லாம் உப்பளம். அங்கே ஜன்னல் கம்பி துருப்பிடிப்பதில்லை, நேரடியாக உதிர்கிறது. ஸ்விட்ச்போர்டு ஸ்க்ரூவைத் திருப்பினால் தலை மட்டும் கையோடு வரும். நான் பெருமுக்கல்காரன். பக்கம்தான், இருந்தாலும் எங்கள் மலையடிவாரத்துக் காற்று வேறு, இந்தக் காற்று வேறு. இங்கே உதட்டை நக்கினால் உப்புக் கரிக்கும்.

அரசு வேலைக்கான எழுத்துத் தேர்வு. கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோக்களிலிருந்து பிள்ளைகள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். கூடவே அப்பாக்கள், அண்ணன்கள், கையில் டிபன் பை. கேட்டில் காவலுக்கு இரண்டு போலீஸ், ஒரு ஆண், ஒரு பெண்.

லேபைத் திறந்துவிட்டவர் அஞ்சலை அக்கா. அந்தக் கல்லூரியின் லேப் உதவியாளர். வருடக்கணக்கில் தற்காலிகம். இந்த வருடம் நிரந்தரம் ஆக்கிவிடுவதாக முதல்வரே சொல்லிவிட்டாராம். எங்களைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்குள் இதைச் சொல்லிவிட்டார், அவ்வளவு சந்தோஷம். வீட்டுக்காரர் உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவர். மழைக்காலம் முழுக்க அவருக்கு வேலை கிடையாது. அப்போது வீடு ஓடுவது அக்காவின் சம்பளத்தில்தான். இடுப்பில் ஒரு சாவிக் கொத்து. நடந்தால் அது முதலில் வரும், அக்கா பின்னால் வருவார்.

நான் கருவியை ஆன் செய்தேன். பெயர் போடாத ஒரு சிக்னல், ரொம்ப மெலிசாக.

"அக்கா, இந்த லேப்ல வைஃபை ஏதாவது இருக்குதா?"

"இல்லப்பா. போன மாசம் உங்க ஆளு ஒருத்தர் வந்து கழட்டச் சொன்னாரு. நானே ஏணி போட்டு ஏறிக் கழட்டினேன். இதோ பாரு, செவுத்துல ஓட்டைதான் இருக்குது."

காட்டினார். சுவரின் உச்சியில் வட்டமாக ஒரு கறை, நடுவில் ஒரு ஓட்டை. நான் தலையை ஆட்டினேன். வெளியே யாரோ ஒருவரின் போனாக இருக்கும் என்று நினைத்தேன்.

சீஃப் லேப்டாப்பைத் தேர்வு நெட்வொர்க்கில் சொருகிப் பார்த்துக்கொண்டிருந்தவர், என்னைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். அவர் முகம் சரியில்லை. அறையில் இருக்கிற கம்ப்யூட்டர்களைவிட ஒன்று கூடுதலாக வயரில் தெரிந்தது. நான் காற்றில் பார்த்த அதே பெட்டி.

"வெளிய இல்லடா. நம்ம வயர்லயே தொங்குது" என்றார்.

இதன் அர்த்தம் உங்களுக்குப் புரியும். புரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பூட்டிய வீட்டுக்குப் பின்பக்கம் ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அர்த்தம்.

தேர்வு நடத்துகிறவர்களின் சென்னை கன்ட்ரோல் ரூமுக்குச் சொன்னோம். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல். கோபம் கிடையாது, அதுதான் பயமாக இருந்தது. "கேட் திறக்கற நேரத்துக்குள்ள பெட்டி கையில இருக்கணும். இல்லைன்னா அந்த சென்டர் கேன்சல். லேப் சாவி யார்கிட்ட இருக்கோ அவங்க பேர்ல போலீஸ் கம்ப்ளைன்ட் போகும். சாவி யார்கிட்ட?"

சீஃப் போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் அஞ்சலை அக்காவின் இடுப்பைப் பார்த்தேன்.

"கண்டுபிடிச்சிட்டுச் சொல்றோம் மேடம்" என்று சீஃப் வைத்துவிட்டார்.

எனக்கு உடனே வந்த யோசனை, எல்லா நெட்வொர்க் வயரும் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டியில் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்ப்பது. உங்களுக்கும் அதுதான் தோன்றியிருக்கும். கையைக் கொண்டுபோனேன். சீஃப் தட்டிவிட்டார்.

"பிடுங்கினா நின்னுடும். யார் வச்சான், எங்க வச்சான்னு தெரியாது. பரீட்சை நடக்கும்போது திரும்பச் சொருகுவான். போய்த் தேடு. மூஞ்சியைச் சாதாரணமா வச்சிக்கோ."

முகத்தைச் சாதாரணமாக வைப்பது எனக்குக் கஷ்டமான வேலை. கருவியைச் சட்டைக்குள் பாதி மறைத்துக்கொண்டு, விசில் அடித்துக்கொண்டு, வராண்டாவில் நடந்தேன். சிக்னல் எங்கே போனாலும் மெலிசு. மேஜைக்கு அடியில் பார்த்தேன், ஏசி மேல் பார்த்தேன், கழிப்பறைத் தண்ணீர்த் தொட்டிக்குள்கூடக் கைவிட்டேன். ஒன்றும் இல்லை. சரி என்று வராண்டா தூணில் சாய்ந்து அசையாமல் நின்றேன்.

சிக்னல் குபீரென்று ஏறியது.

நான் நகரவில்லை. அது தானாக ஏறியது. கொஞ்ச நேரத்தில் தானாகவே விழுந்தது. பின் மறுபடி ஏறியது. பொம்மையார்பாளையத்து ஆள் நினைவுக்கு வந்தான். சீஃபுக்கு சைகை காட்டினேன். அவர் மெதுவாக வந்து என் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

"யாரோ தூக்கிட்டு நடக்கறான்" என்றார்.

அந்த வராண்டாவில் அந்த நேரம் நடந்துகொண்டிருந்தவர் ஒருவர்தான். அஞ்சலை அக்கா லேபுக்குப் பக்கத்து அறைக்குள் போவார், கைரேகை மெஷினோடு வருவார். மறுபடி போவார், கேமராவோடு வருவார். அது ஒரு ஸ்டோர் ரூம். அவர் உள்ளே போனால் சிக்னல் ஏறுகிறது. வெளியே வந்தால் இறங்குகிறது. ஒரு தடவை என்றால் தற்செயல் எனலாம். ஒவ்வொரு தடவையும் அப்படித்தான்.

சீஃப் என் காதருகே சொன்னார், "அந்தம்மாதான்டா. உள்ள போய் ஆன் பண்ணுது. நம்மளைப் பார்த்ததும் ஆஃப் பண்ணிட்டு வருது. நீ பேச்சுக் கொடுத்து உட்கார வை. நான் அந்த லேடி போலீஸைக் கூப்பிடறேன்."

அவரைத் தப்பு சொல்லாதீர்கள். அந்த இடத்தில் நீங்கள் இருந்தாலும் அதைத்தான் சொல்வீர்கள். சாவி அவரிடம், அறை அவருடையது, சிக்னல் அவரோடு ஆடுகிறது. இதைவிட சுத்தமான கேஸ் நமக்கு எப்போது கிடைத்திருக்கிறது?

போன் அடித்தது. கன்ட்ரோல் ரூம்.

"கிடைச்சுதா?"

"ஒருத்தர் மேல சந்தேகம் இருக்கு மேடம்" என்றார் சீஃப்.

"பேரைச் சொல்லுங்க. மெயில் ரெடி பண்ணிடறேன்."

சீஃப் வாயைத் திறக்கும்போது அஞ்சலை அக்கா நேராக என்னை நோக்கி வந்தார். சாவிக் கொத்து குலுங்கியது. என் மூக்குக்கு முன்னால் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார்.

"ஏம்பா, நானும் காலைல இருந்து பார்க்கறேன். உள்ள போனா பார்க்கற, வெளிய வந்தா பார்க்கற. உனக்கு அக்கா தங்கச்சி இல்லையா?"

"அக்கா, அப்படியெல்லாம் இல்லக்கா..."

"எனக்குக் கல்யாண வயசுல பையன் இருக்கறான். அவன்கிட்ட சொன்னேன்னா உன்னைத் தூக்கி உப்புப் பாத்தியில நட்டுடுவான். தெரிஞ்சுக்கோ."

நான் வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். குனிந்தால் சட்டைக்குள் கருவி. கருவியில் சிக்னல் செத்துக் கிடந்தது.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். இந்த ஒரு நொடிக்காகத்தான் இதை எழுதுகிறேன். அக்கா என்னிடமிருந்து ஒரு முழ தூரத்தில் நிற்கிறார். பெட்டி அவர் மேல் இருந்தால் கருவி அலற வேண்டும். அது தூங்குகிறது. ஆஃப் செய்துவிட்டார் என்று சொல்லலாம்தான். ஆனால் வைஃபை பெட்டி டார்ச் லைட் இல்லை. ஆஃப் செய்து ஆன் செய்தால் அது எழுந்து, சோம்பல் முறித்து, கண்ணைத் திறக்கவே நேரம் பிடிக்கும். இதுவோ அக்கா உள்ளே நுழைந்த கையோடு ஏறுகிறது. அப்படியென்றால் அது எப்போதும் எரிந்துகொண்டே இருக்கிறது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு நடக்கவில்லை. அதன் மேல் மூடியிருக்கிற எதையோ திறந்து மூடுகிறார்.

சீஃப் போனில், "அவங்க பேரு வந்து..." என்று இழுத்துக்கொண்டிருந்தார். நான் அவர் கையிலிருந்த போனைப் பொத்தினேன். சீஃபின் கையை நான் தொட்டது அதுவே முதலும் கடைசியும்.

"சீஃப், அக்கா மேல இல்ல. வேற எங்கயோ இருக்குது. பேர் சொல்லாதீங்க."

"நேரம் இல்லடா."

"பேரைச் சொல்லிட்டா திரும்ப எடுக்க முடியாது சீஃப்."

சீஃப் என்னை ஒரு பார்வை பார்த்தார். திட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிற பார்வை. பிறகு போனில், "ஒரு நிமிஷம் மேடம், லைன்லயே இருங்க" என்றார்.

நான் அக்காவிடம் திரும்பினேன். வைஃபை இருக்கிறதா என்று இன்னொரு தடவை கேட்கவில்லை. அதற்குத்தான் பதில் வந்துவிட்டதே.

"அக்கா, நட்டுக்கலாம், அப்புறமா நட்டுக்கலாம். அந்த ரூமுக்குள்ள போய் என்னக்கா பண்றீங்க?"

"என்ன பண்ணுவேன், பீரோவைத் திறந்து சாமானை எடுத்துட்டு வர்றேன்."

"ஒரே தடவையா எல்லாத்தையும் எடுத்துட்டு வரலாம்ல? ஏன் ஒவ்வொண்ணா எடுத்துட்டு வந்து, ஒவ்வொரு தடவையும் மூடறீங்க?"

"வேணுங்கறப்பதான எடுக்கணும்? முன்னாடியே எடுத்து வெளிய வச்சா ஈரம் ஏறிடும். பீரோவை மூடலைன்னா சூடு போயிடும்."

"என்ன சூடுக்கா?"

அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "வெளியூரு பசங்ககிட்ட இதான் கஷ்டம். வா காட்டறேன்."

மூன்று பேரும் ஸ்டோர் ரூமுக்குள் போனோம். ஒரு இரும்பு பீரோ. அக்கா சாவியைப் போட்டுத் திருப்பிக் கதவைத் திறந்தார். இரும்புக்குள் அடைபட்டிருந்த சிக்னல் வெளியே பாய்ந்து, என் கருவி அலறியது.

நடுத்தட்டில், ஒரு பழைய துண்டுக்கு மேல், வெள்ளையாகத் தட்டு மாதிரி ஒன்று மல்லாந்து கிடந்தது. அதன் நெற்றியில் ஒரு பச்சை விளக்கு. அதைச் சுற்றிக் கைரேகை மெஷின், கேமரா, ஸ்டாம்ப், காகிதக் கட்டுகள் எல்லாம் நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. அடை காக்கிற கோழியைச் சுற்றி முட்டைகள் இருக்கிற மாதிரி. தட்டின் பின்னாலிருந்து ஒரு நெட்வொர்க் வயர் பீரோ முதுகின் ஓட்டை வழியாகச் சுவருக்குப் போனது. சுவருக்கு அந்தப் பக்கம் லேப். காலையில் அக்கா எனக்குக் காட்டிய அதே ஓட்டையின் மறுபக்கம்.

சீஃப் அந்தத் தட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்தார். நல்ல சூடு.

"இது என்னம்மா?" என்றார்.

"இதுதாங்க கழட்டின வைஃபை."

"காலைல இவன் வைஃபை இருக்குதான்னு கேட்டப்போ இல்லன்னு சொன்னீங்களே?"

"லேப்லதானே கேட்டான்? செவுத்துல இல்லையே. இங்க இது ஹீட்டராதான இருக்குது?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன், ஏனென்றால் அந்தப் போன் இன்னும் லைனில் இருந்தது.

அக்கா மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பக்கத்தில் பீரோவுக்குள் ஒரு குண்டு பல்பு தொங்கவிட்டு எரிய வைப்பது எல்லா ஆபீசிலும் உள்ள பழக்கமாம். இல்லாவிட்டால் உப்புக்காற்று ஈரம் உள்ளே இறங்கி, காகிதம் அப்பளம் ஊறின மாதிரி ஆகிவிடும், மெஷின் பின்னெல்லாம் பச்சை பூத்துவிடும். கல்லூரியில் எல்லா பல்பையும் எல்ஈடியாக மாற்றினார்கள். பீரோ பல்பையும் மாற்றினார்கள்.

"அந்த பல்பு வெளிச்சம் நல்லாத்தான் தருது. சூடே ஆவ மாட்டேங்குது. ஒரு கைரேகை மெஷின் போயிடுச்சு, நான்தான் சரியா பார்த்துக்கலன்னு பேச்சு வாங்கினேன். அப்பதான் உங்க ஆளு இதைக் கழட்டச் சொன்னாரு. கையில எடுத்தா தோசைக்கல்லு மாதிரி கொதிக்குது. ப்ளக்குகூட வேணாம், அந்த வயருலயே கரன்ட் வருது. சரி, செவுத்துல இருந்து எடுன்னுதான சொன்னாங்க, வயரை இந்தப் பக்கம் இழுத்து உள்ள வச்சிட்டேன். ஒரு மெஷினுக்கும் ஒண்ணும் ஆவல பாருங்க."

பார்த்தோம். ஒன்றுக்கும் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் புத்தம் புதிதாக இருந்தன.

இதை எந்தச் சென்னை ஆபீசிலும் ஒருவன் செய்யமாட்டான். உப்பளத்துக் காற்றில் சாமான் காப்பாற்றுகிறவர்களுக்குத்தான் ஒரு வைஃபை பெட்டியில் முதலில் சூடு கண்ணில் படும். கேள்வி கேட்கும்போது இதை ஞாபகம் வையுங்கள், தம்பிகளா. கள்ள வைஃபை பெட்டியை நாம் நம் பாஷையில் 'ரோக் ஆக்சஸ் பாயின்ட்' என்று சொன்னால் அவர்கள் பயந்துபோய் இல்லை என்பார்கள். 'வைஃபை' என்றால் சுவரைக் காட்டுவார்கள். 'இங்க எதெதுல லைட் எரியுது, எதெது சூடா இருக்குது' என்று கேளுங்கள். கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்கள்.

ஆனால் கதை இன்னும் முடியவில்லை. பெட்டி கிடைத்துவிட்டது, சரி. அது தேர்வு நெட்வொர்க்கில் எரிந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. அதை அங்கே வைத்தது அஞ்சலை அக்கா என்பதும் உண்மை. கேட்டுக்கு வெளியே ஹாரன் சத்தம் அதிகமாகிக்கொண்டிருந்தது.

சீஃப் அவசரப்படவில்லை. வயரைக் கழற்றுவதற்கு முன்னால் லேப்டாப்பைச் சொருகி, பெட்டியின் நினைவில் இருந்ததைப் பார்த்தார். பீரோவுக்குள் போன பிறகு யாராவது ஒருவர், ஒரு போனாவது, அதில் இணைந்திருக்கிறார்களா? வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எங்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தார். அதுவரை வாய் ஓயாதவர் மெதுவாகக் கேட்டார், "ஏம்பா, நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

நான் சீஃபின் லேப்டாப்பைக் கைகாட்டினேன்.

"யாரும் உள்ள வரல" என்றார் சீஃப். மூச்சை விட்டார். வயரைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. பிறகு போனை எடுத்தார்.

"மேடம், பெட்டி கையில. ஒருத்தரும் கனெக்ட் ஆகல. வயர் கழட்டியாச்சு."

"குட். வச்சது யாரு?"

அக்கா சாவிக் கொத்தைப் பிடித்துக்கொண்டார். இப்போது அவருக்கும் விஷயம் பாதி புரிந்துவிட்டது.

சீஃப் விதிப்படி நடக்கிறவர். தேர்வு மையத்தில் ஊக்கு குத்தியிருந்தால்கூட எடுக்கச் சொல்கிறவர். அவர் அக்காவின் பெயரைச் சொல்லப்போகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

"நாங்கதான் மேடம்" என்றார் சீஃப்.

"என்னது?"

"போன மாசம் வந்தது நம்ம கம்பெனி ஆளு. செவுத்துல இருந்து எடுக்கச் சொல்லியிருக்கான். ஸ்விட்ச்ல இருந்து வயரைப் பிடுங்க வேண்டியது நம்ம வேலை, பிடுங்கல. பெட்டியை சீல் பண்ணி எடுத்துட்டு வர வேண்டியது நம்ம வேலை, எடுக்கல. அகற்றியாச்சுன்னு ரிப்போர்ட் மட்டும் கொடுத்துட்டு வந்துட்டான். லேப்காரங்க அவங்ககிட்ட என்ன சொன்னோமோ அதைச் செஞ்சிருக்காங்க. ரிப்போர்ட்ல இதைத்தான் எழுதப்போறேன்."

அந்தக் குரல் மறுபடி பேசியபோது அதே நிதானம்தான், ஆனால் கொஞ்சம் மனுஷக் குரலாக இருந்தது.

"இன்னொரு தடவை முழுசா ஸ்கேன் பண்ணுங்க. க்ளீன்னா கேட்டைத் திறங்க."

ஸ்கேன் செய்தோம். சுத்தம். சீஃப் கட்டைவிரலைக் காட்டினார். நான் வராண்டாவில் ஓடினேன். அவ்வளவு வேகமாக நான் பள்ளிக்கூடத்திலிருந்து வெளியேகூட ஓடியதில்லை. கேட் திறந்தது. பிள்ளைகள் வரிசையாக உள்ளே வந்தார்கள். ஒரு அப்பா என் தோளைத் தட்டி, "ஏம்பா, உள்ள ஏதாச்சும் பிரச்சினையா? என் பொண்ணு மூணாவது வாட்டி எழுதுது, கேட்டைத் திறக்க இவ்ளோ நேரமா" என்றார். "ஒண்ணுமில்லைங்க, பீரோவுல ஒரு சாமான் தேடிட்டு இருந்தோம்" என்றேன். பொய் இல்லையே.

நம் அலுவலகத்தில் அதற்காக சீஃப் வாங்கிக் கட்டிக்கொண்டார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். சொந்தக் கம்பெனியைக் காட்டிக்கொடுத்தாய் என்று ஒரு மேலதிகாரி கத்தியது கண்ணாடிக் கதவைத் தாண்டிக் கேட்டது. வெளியே வந்தவர், "இனிமே கழட்டினதை நம்மளே எடுத்துட்டு வரணும், அவ்ளோதான்" என்று மட்டும் சொன்னார். நீங்கள் இப்போது கழற்றிய பெட்டியைச் சீல் வைத்துத் தோளில் சுமந்துகொண்டு பஸ்ஸில் தொங்குகிறீர்களே, யாரைத் திட்டுவது என்று தெரியாமல் திட்டிக்கொண்டே, அது அங்கே ஆரம்பித்தது. இனிமேல் திட்டும்போது சரியான ஆளைத் திட்டுங்கள்.

அன்றைக்குத் தேர்வு ஆரம்பித்து, லேபுக்குள் கீபோர்டு சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த நேரம். அஞ்சலை அக்கா வராண்டாவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் தூணில் சாய்ந்து நின்றேன்.

"ஏம்பா, போன்ல யாரோ பேரு கேட்டாங்களே. யாரு பேரு?"

"உங்க பேருதான்க்கா."

"சொல்லியிருந்தா?"

"அந்த லேடி போலீஸ் உள்ள வந்திருக்கும்."

அக்கா கேட்டைப் பார்த்தார். பெண் போலீஸ் நிழலில் நின்று வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"உங்க சாரு என்னைக் காப்பாத்தப் பொய் சொல்லிட்டாரா?"

"இல்லக்கா. அவருக்குப் பொய் சொல்ல வராது. உண்மையாவே தப்பு எங்களதுதான்."

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணையும் சேர்த்துத்தான். பிறகு என்னை மேலும் கீழும் ஒரு தடவை பார்த்தார். பழைய அக்கா திரும்பி வந்துவிட்டார்.

"தப்பு உங்களதுன்னா டீ நீங்கதான வாங்கணும்? எனக்கு வடையும் வேணும். சூடா."

வாங்கிக் கொடுத்தேன். சீஃப் கணக்கில்.